தட்டு, தராசு, தண்ணீர்: தசையை ஏற்றிக் கொழுப்பைக் குறைக்கப் புறப்படுகிறவர்களுக்கு

முன்பொரு முறை எடையைக் குறைக்க முயன்றபோது, என் கணக்கு நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது. எடை மட்டும் ஆறு வாரமாக அசையவில்லை. ஏழாவது வாரம் எரிச்சல் தாங்காமல், எண்ணெய்ப் பாட்டிலையே தூக்கிச் சமையலறைத் தராசின் மேல் வைத்துப் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தினேன். பிறகு பாட்டிலை எடுத்து வழக்கம்போலச் சமைத்தேன். முடித்துவிட்டுத் திரும்ப வைத்தபோது திரையில் மைனஸ் 38 என்று காட்டியது. 38 கிராம் எண்ணெய், கிராமுக்கு 9 கலோரி வீதம் 342 கலோரி. நோட்டில் நான் எழுதிவந்தது "எண்ணெய், 1 மேசைக்கரண்டி". அது சுமார் 14 கிராம், 120 கலோரி சொச்சம். ஒரு வேளைக்கு இருநூறுக்கு மேல் கணக்கில் வராமலே உள்ளே போயிருக்கிறது. நாளுக்கு இரண்டு வேளை சமைக்கிறவன் நான். குறைத்துவிட்டதாக நம்பிய 400 கலோரியும் அந்தப் பாட்டில் வழியாகவே திரும்பி வந்திருக்கிறது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது காசுக்குச் சொன்னது. வயிற்றுக்கும் அதேதான்.

இந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதும் அன்று. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், "எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை இறங்க மறுக்கிறது" என்று வந்தவர்களின் உண்மையான உணவளவைக் கண்டறிந்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று எண்ண வேண்டாம். கண்ணளவு என்பது எல்லோரையும் அப்படித்தான் ஏமாற்றும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் அதிசய உணவு எதுவும் வராது. ஒரு சமையலறைத் தராசு, ஓர் எடை மெஷின், ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு ஆகியவை வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே முடிவெடுக்கும் பொறுமையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருப்பதில்லை.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சிறுநீரக நோய், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து, இதயக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டும் காலம் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தால் கீழே வரும் எண்கள் உங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். வளரும் பருவத்தினருக்கும் அப்படியே. உணவைக் கண்டாலே பயம், சாப்பிட்டபின் குற்றவுணர்வு என்று முன்பு அவதிப்பட்டவர்கள், கிராம் எண்ணும் பழக்கத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

முதல் படி: எதை முதலில் என்று முடிவு செய்யுங்கள்

"கொழுப்பைத் தசையாக மாற்ற வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒன்று மாறாது. கொழுப்பு என்பது சேமிப்பு, தசை என்பது கட்டுமானம். இரண்டும் வெவ்வேறு திசுக்கள். சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டுமானால் செலவு வரவைவிடக் கூட இருக்க வேண்டும். கட்டுமானத்துக்குச் செங்கல்லும் வேண்டும், "கட்டு" என்ற உத்தரவும் வேண்டும். உணவில் வரும் புரதம் செங்கல். உத்தரவைத் தருவது பளுப்பயிற்சி. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்காமல் புரதத்தை மட்டும் கூட்டுகிறவர், கொத்தனார் வராத மனைக்குச் செங்கல் லாரியை வரவழைப்பவர்.

புதியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பளுப்பயிற்சிக்குப் புதியவர், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர், உடலில் கொழுப்பு நிறைய உள்ளவர் ஆகிய மூவருக்கும் கொழுப்பு இறங்கும்போதே தசையும் ஏறும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு 4 வாரம் 40 சதவீதம் கலோரியைக் குறைத்துக் கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் பெற்றவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற எடையைக் கூட்டினார்கள். 1.2 கிராம் பெற்றவர்கள் இழந்த கொழுப்பு 3.5 கிலோ, கொழுப்பற்ற எடையில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. 2016-இல் வெளியான இந்த முடிவைப் படித்துவிட்டு நாமும் 40 சதவீதம் வெட்டலாம் என்று கிளம்ப வேண்டாம். அவர்களுடைய உணவு முழுவதையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள். நம் வீட்டில் அளப்பது நாம்தான்.

தொப்பை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் முதலில் கொழுப்பைக் குறையுங்கள். ஒல்லியாக இருக்கிறீர்கள் என்றால் முதலில் தசையை ஏற்றுங்கள். இடையில் நிற்பவர்கள் இப்போது சாப்பிடும் கலோரியை மாற்றாமல் புரதத்தையும் பயிற்சியையும் மட்டும் சரிசெய்து மூன்று மாதம் பார்க்கலாம். வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: எந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்பதை உடல் முடிவு செய்கிறது, நீங்கள் செய்யும் வயிற்றுப் பயிற்சி முடிவு செய்வதில்லை.

இரண்டாம் படி: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

இது சலிப்பூட்டும் படி. எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படியும் இதுதான்.

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். தினமும் எழுதுங்கள், ஆனால் தினசரி எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து வரும் சராசரிதான் உங்கள் எடை. வாரம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து அளப்பவர்கள் ஏமாற்றுவது நாடாவை அன்று.

ஏன் சராசரி? உடலில் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்தே பிடித்துவைக்கிறது. ஒரு விருந்தில் வயிறாரச் சாப்பிட்டால் மறுநாள் காலை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கலாம். அந்த விருந்தில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் பதினோராயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும்; ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஏறியதில் பெரும்பகுதி நீர், உப்பு, குடலில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் உணவு. பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியோடும் நீர் ஏறி இறங்கும். அவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுவது சரி.

கூடவே சாப்பிடுவதை எல்லாம் கிராமில் எழுதுங்கள். அரிசி, பருப்பு, இறைச்சி எதுவானாலும் பச்சையாக இருக்கும்போதே எடை பார்ப்பது நல்லது. 100 கிராம் அரிசி சமைத்தபின் 280 முதல் 300 கிராம் சோறாகிறது. சமைத்ததை நிறுத்துவிட்டுப் பச்சை அரிசியின் கலோரியைப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு எகிறும்; பச்சையை நிறுத்துச் சமைத்ததன் கலோரியைப் போட்டால் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். இறைச்சியோ நீரை இழந்து எடை குறையும். இந்த ஒரு குழப்பத்தால் மட்டும் பாழான கணக்கு நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், முதல் நோட்டு என்னுடையது.

இரண்டு வாரச் சராசரி எடை அசையாமல் இருந்தால், அந்த நாட்களில் சாப்பிட்ட சராசரிக் கலோரிதான் உங்கள் பராமரிப்பு அளவு. இரண்டு வாரம் காத்திருக்க மனமில்லையா? ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது. 1990-இல் வெளியான மிஃப்லின் சமன்பாடு: எடையைக் கிலோவில் 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5-ஐக் கூட்டவும், பெண் என்றால் 161-ஐக் கழிக்கவும். 80 கிலோ, 170 சென்டிமீட்டர், 30 வயது ஆணுக்கு ஏறக்குறைய 1,718 வரும். அசையாமல் படுத்திருந்தாலும் உடல் எரிக்கும் அளவு அது. உட்கார்ந்து வேலை, வாரம் மூன்று நாள் பயிற்சி என்றால் 1.375-ஆல் பெருக்க, சுமார் 2,360. இது ஊகம் மட்டுமே. உங்கள் நோட்டு வேறு எண்ணைச் சொன்னால் நோட்டை நம்புங்கள்.

மூன்றாம் படி: கொஞ்சமாக வெட்டுங்கள்

மேலே சொன்ன 80 கிலோக்காரர் 2,360-இலிருந்து 400-ஐக் குறைத்து 1,950 அளவில் நிற்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் போதும். இவருக்கு 400 முதல் 800 கிராம். இதைவிட வேகமாக இறங்கினால் கொழுப்போடு தசையும் போகும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தசை ஏற்ற விரும்புகிறவர் பராமரிப்புக்கு மேல் 200 அல்லது 300 கலோரி கூட்டினால் போதும். "தசைக்காக" என்று சொல்லிக்கொண்டு கண்டதையும் தின்பது, தசை வேகமாக ஏறுவதற்கு உதவாது. மிச்சமெல்லாம் இடுப்பில் போய் உட்காரும். பிறகு அதைக் குறைக்க இன்னொரு நான்கு மாதம்.

ஒரே நாளில் 1,000 கலோரிக்கு இறங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு முன்முடிவு உண்டு: மூன்றாவது வாரம் அவர்கள் குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

நான்காம் படி: புரதத்தை முதலில் நிரப்புங்கள்

நோட்டில் ஒரே ஒரு எண்ணைத்தான் பின்பற்ற முடியும் என்று யாராவது சொன்னால், கலோரிக்கு அடுத்து நான் தேர்ந்தெடுப்பது இது. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பற்றாக்குறை வராமல் இருப்பதற்கான அளவு. தசை கட்டுவதற்கு அது போதாது. 2018-இல், 49 ஆய்வுகளைச் சேர்த்து 1,863 பேரின் முடிவுகளை அலசியபோது, பளுப்பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடத் தசை ஏற்றத்துக்கு உதவுவதும், அதற்கு மேல் பலன் தட்டையாகிவிடுவதும் தெரிந்தது. ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால் 2.2 வரை வைத்துக்கொள்ளலாம். கலோரியைக் குறைக்கும் காலத்தில் அந்த மேல்பக்கமே நல்லது. உடலில் கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்கள் இப்போதைய எடையால் பெருக்காமல், அடைய நினைக்கும் எடையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் எண் பயமுறுத்தும்.

புரதத்துக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. பசியை நீண்ட நேரம் அடக்கும். செரிக்கவே நிறைய ஆற்றலைச் செலவழிக்கும்: அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே போய்விடுகிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3 வரைதான்.

நம் 80 கிலோக்காரருக்குக் குறைந்தபட்ச எல்லையான 130 கிராம் (கிலோவுக்கு 1.6) என்றே வைப்போம். காகிதத்தில் சிறிய எண், தட்டில் பெரியது. மூன்று முட்டை 18. பால் 400 மில்லி 13. சமைத்த, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 150 கிராம் 45 சொச்சம். வேகவைத்த பருப்பு 200 கிராம் 18. சாதாரணத் தயிர் 200 கிராம் 7. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், ஏறக்குறைய 8. நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசி, ரொட்டி, ஓட்ஸ், காய்கறிகளில் இருந்து சேர்வது 20. கூட்டினால் 129.

இறைச்சியும் முட்டையும் சாப்பிடாதவர்கள் இதில் 63 கிராமை இழக்கிறார்கள். உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25. கெட்டியான டோஃபு 150 கிராமில் சுமார் 20. மீதிக்கு ஒரு கரண்டி பால்புரதத் தூள். முடியாத காரியம் இல்லை, ஆனால் திட்டமிடாமல் நடக்காது. பருப்பே போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: 100 கிராம் உலர்ந்த பருப்பில் புரதம் 24 கிராம் என்றால் மாவுச்சத்து 60 கிராம். பருப்பு நல்ல உணவு. அதைப் புரத உணவு என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அன்றைக்குள் சேர்ந்தால் போதும்.

மொத்தத்தை மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 25 முதல் 40 கிராம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நான் கவனித்தவரை எல்லோரும் கோட்டைவிடுவது காலை உணவில்தான். இரவு எட்டு மணிக்கு நோட்டைத் திறந்து, இன்னும் 80 கிராம் பாக்கி என்று தெரிந்தால் அதை ஒரே வேளையில் நிரப்புவது தண்டனை. காலையிலேயே முப்பதைத் தாண்டிவிட்டால் மீதி நாள் தானாக நகரும்.

ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இந்த அளவுப் புரதம் கேடு செய்வதாகச் சான்று இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களின் நிலை முற்றிலும் வேறு என்பதை மீண்டும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் படி: கொழுப்பும் மாவுச்சத்தும்

இதில் சண்டை போடுகிறவர்கள் அதிகம். சொல்ல வேண்டியது குறைவு. கொழுப்பைக் கிலோவுக்கு 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே இறக்காதீர்கள். ஹார்மோன்களுக்கும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதற்கும் அது வேண்டும். நம் ஆளுக்கு 60 கிராம். புரதம் 130 கிராம் 520 கலோரி, கொழுப்பு 60 கிராம் 540 கலோரி. 1,950-இல் மிச்சம் 890. அதை 4-ஆல் வகுத்தால் சுமார் 220 கிராம் மாவுச்சத்து. அவ்வளவுதான் கணக்கு. சோற்றையோ ரொட்டியையோ எதிரியாக்கி ஒதுக்கிவிட்டு எடை தூக்கப் போனால், மூன்றாவது சுற்றிலேயே கை தளரும். பளு தூக்கும் தசைக்கு முதல் எரிபொருள் கிளைக்கோஜன்தான்.

மாவுச்சத்தை அடியோடு நிறுத்தியவர்கள் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதைக் கொண்டாடுவார்கள். கிளைக்கோஜனோடு வெளியேறிய நீர் அது. மறுபடி சாப்பிட்டதும் திரும்பிவிடும்.

நார்ச்சத்து 25 முதல் 30 கிராம் வரட்டும். காய், கீரை, பழம், முழுத்தானியம் எதிலிருந்து வந்தாலும் சரி. அதுவரை குறைவாகச் சாப்பிட்டுவந்தவர்கள் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள், கூடவே தண்ணீரையும்.

ஆறாம் படி: தண்ணீர்

தசையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். ஆனாலும் தண்ணீரைப் பற்றித்தான் அளவற்ற கதைகள். "தினம் எட்டு தம்ளர்" என்ற விதிக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. "ஐந்து லிட்டர் குடித்தால் கொழுப்பு கரையும்" என்பதற்கும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் கொடுத்த அளவு, மிதமான தட்பவெப்பத்தில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர். இது உணவில் வரும் நீரையும் சேர்த்த கணக்கு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உணவே தந்துவிடும். பால், தேநீர், காபி எல்லாமே இதில் சேரும். காபி குடித்தால் உடல் வறண்டுவிடும் என்பது வழக்கமாகக் குடிப்பவர்களுக்குப் பொருந்தாது. இந்த அடிப்படை அளவுக்கு மேல், வியர்வையில் போனதை ஈடுகட்ட வேண்டும்.

வியர்வை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் இழப்பவரும் உண்டு, இரண்டு லிட்டர் இழப்பவரும் உண்டு. உங்கள் அளவை ஒரே ஒரு பயிற்சி நாளில் கண்டுபிடித்துவிடலாம். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு நிரப்பினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வியர்வையைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, நனைந்த உடையைக் களைந்து, மறுபடி எடை பாருங்கள். முன்பு 80.0, பின்பு 79.2, இடையில் குடித்தது 500 மில்லி என்றால் போன வியர்வை 800 கிராமோடு 500-ஐச் சேர்த்து 1.3 லிட்டர். நனைந்த சட்டையோடு எடை பார்த்தால் சட்டை குடித்த வியர்வையும் உங்கள் எடையில் ஏறி, இழப்பு குறைவாகத் தெரியும். முதல் முறை எனக்கு அப்படித்தான் 300 கிராம் காணாமல் போனது.

உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் உடலின் திறன் சரியத் தொடங்குகிறது. 80 கிலோக்காரருக்கு அது 1.6 கிலோ. அந்த எல்லையைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் பயிற்சியின் இடையில் குடிப்பது. பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு 400 அல்லது 500 மில்லி, இடையில் தாகத்துக்கு ஏற்ப, முடிந்தபின் அன்றைக்கே மறுபடி பயிற்சி இருந்தால் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர்வரை சில மணி நேரத்தில் பரவலாக. மறுபடி பயிற்சி இல்லையென்றால் சாப்பாட்டோடு இயல்பாகக் குடித்தாலே சரியாகிவிடும். ஒரு மணி நேரப் பளுப்பயிற்சிக்குத் தண்ணீரே போதும். உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானம், வெயிலில் மணிக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கானது. எடையைக் குறைக்க ஓடிவிட்டு, ஓடிச் செலவழித்த கலோரியைப் பாட்டிலில் திரும்பக் குடிப்பவர்களை எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் காணலாம்.

எளிய அளவுகோல் சிறுநீரின் நிறம். வெளிறிய வைக்கோல் நிறம் சரி. கரும்மஞ்சள் என்றால் போதவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் போலவே போகிறது என்றால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பளீரென்ற மஞ்சளில் போகும். அது ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினின் வேலை, அன்று நிறத்தை நம்ப முடியாது.

அதிகமாகக் குடிப்பதும் விளையாட்டு அன்று. சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதைத் தாண்டித் தொடர்ந்து ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு, உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம்தான் அது அதிகம் தென்பட்டது.

பிளாஸ்டிக் சூட் போட்டு வியர்த்து ஒரு கிலோ குறைத்தேன் என்பவரிடம் இரண்டு தம்ளர் தண்ணீரை நீட்டுங்கள். அரைக் கிலோ அங்கேயே திரும்பி வந்துவிடும்.

கொழுப்பைக் குறைப்பதில் தண்ணீர் உண்மையாகவே உதவும் இடங்கள் இரண்டு. ஒன்று, இனிப்புப் பானம், பழச்சாறு, மது ஆகியவற்றின் இடத்தில் அது வந்து உட்காரும்போது. மது கிராமுக்கு 7 கலோரி, வயிறும் நிரம்பாது. மற்றொன்று, உணவுக்கு முன். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் குறைந்த கலோரி உணவோடு ஒவ்வொரு வேளைக்கும் முன்பு 500 மில்லி தண்ணீர் குடித்தபோது, 12 வாரத்தில் குடிக்காதவர்களைவிடச் சுமார் 2 கிலோ கூடுதலாக இறங்கினார்கள். வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவே.

ஏழாம் படி: நேரம், தூள், மாத்திரை

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று பயப்படாதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நல்ல வேளை அமைந்தால் போதும். இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால் கொழுப்பாகிவிடும் என்பதும், ஆறு வேளை சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம் வேகமெடுக்கும் என்பதும் அதேபோல ஆதாரமற்ற நம்பிக்கைகளே.

பால்புரதத் தூள் என்பது பாலில் இருந்து எடுத்த உணவு. மருந்து அன்று, விஷமும் அன்று. உணவிலேயே எண் நிரம்பினால் வாங்க வேண்டியதில்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட், நீண்ட கால ஆராய்ச்சி பின்னால் நிற்கும் மலிவான துணை உணவு. தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும். தசைக்குள் நீரை இழுத்துவைப்பதால் முதல் வாரங்களில் எடை ஒரு கிலோ அளவு ஏறலாம். அதைப் பார்த்து உணவைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சற்றுக் கூடிக் காட்டக்கூடும் என்பதால், பரிசோதிக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காபியில் உள்ள காஃபின் பயிற்சிக்கு உதவும். நாளுக்கு 400 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், மாலைக்கு மேல் வேண்டாம். கொழுப்பு எரிப்பான் என்று டப்பாவில் எழுதி விற்பவை எரிப்பது பணத்தை.

எட்டாம் படி: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தீர்ப்பு

இரண்டு வாரச் சராசரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இறங்கும் வேகம் சரியாக இருந்தால் ஒரு கிராமைக்கூட மாற்றாதீர்கள். எடை நின்றுவிட்டது, ஆனால் இடுப்பளவு குறைந்து பயிற்சியில் தூக்கும் எடை கூடுகிறது என்றாலும் மாற்றாதீர்கள். நீங்கள் விரும்பியதுதான் நடக்கிறது. மூன்றும் நின்றுவிட்டால் முதலில் அளப்பதைச் சோதியுங்கள். எண்ணெய், சமைக்கும்போது எடுத்துப் பார்த்த ருசி, மற்றவர் தட்டில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டது, வார இறுதி. ஐந்து நாள் தினம் 400 கலோரி குறைத்துச் சேர்த்த 2,000-த்தை இரண்டு விருந்துகளில் கரைத்துவிட முடியும். அதெல்லாம் சரியாக இருந்து, அப்போதும் நகரவில்லை என்றால் நாளுக்கு 100 அல்லது 150 கலோரி குறையுங்கள், இல்லையென்றால் அரை மணி நடையைக் கூட்டுங்கள். பத்துக் கிலோ இறங்கிய உடலுக்குப் பழைய அளவு உணவு தேவைப்படாது என்பதால் இந்தத் திருத்தம் எப்படியும் வரும்.

உறக்கத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள். 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதே குறைந்த கலோரி உணவைச் சாப்பிட்ட பத்துப் பேரை 14 நாள் எட்டரை மணி நேரமும், வேறொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இறங்கிய மொத்த எடை இரு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உறக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்து, கொழுப்பற்ற எடை கூடுதலாகப் போனது.

பத்து அல்லது பன்னிரண்டு வாரம் குறைத்தபின் இரண்டு வாரம் பராமரிப்பு அளவுக்குத் திரும்புங்கள். கூட்டுவதை மாவுச்சத்தாகக் கூட்டுங்கள், புரதத்தைத் தொடாதீர்கள். முதல் சில நாளில் எடை ஒரு கிலோவரை ஏறும். கிளைக்கோஜனும் அதன் நீரும் திரும்ப வருகின்றன. நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "நீர்" என்று எழுதிவிட்டு, எட்டாம் நாளில் இருந்து புதிய சராசரியைத் தொடங்குங்கள்.